சுனையில் கரைந்த உப்பு

15 மே 1958, வியாழன். திருச்சி.

பொன்னம்மாளிடம் இன்று பாதி உண்மையைத்தான் சொன்னேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திருவெள்ளறைக்கு அப்பால், ஒரு பாறைக் குன்றின் அடியில் அவள் கிணறு இருக்கிறது. சில வருடங்களாகத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது; மாடுகூட வாய் வைப்பதில்லை. காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். குன்றின் மேல் அம்மன் கோயில் சுனை. மரு உதிரவும் கஷ்டம் கரையவும் வேண்டிக்கொண்டு ஊரார் அதில்தான் உப்புப் போடுகிறார்கள். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, போன வாரம் சுனையில் பச்சைச் சாயம் கரைத்தேன். இன்று கிணற்றில் வாளியை இறக்கித் தூக்கினால், தண்ணீர் பச்சையாக இருக்கிறது.

“சுனைத் தண்ணிதாம்மா பாறை வெடிப்பு வழியா உங்க கிணத்துக்கு வருது” என்று ஆரம்பித்தேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “ஆத்தாவே என் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்க ஐயா. கிணத்துத் தண்ணி இனிக்கணும்னு வெள்ளிக்கு வெள்ளி ஒரு கை உப்புப் போட்டுட்டு வரேன். நாளைக்கு ரெண்டு கையாப் போடறேன்.”

அந்த உப்புதான் கிணற்றுக்கு வருகிறது என்ற மீதிப் பாதியைச் சொல்லாமல் வாளியைக் கீழே வைத்தேன். மோர் கொடுத்தாள். அதுவும் கரித்தது. குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நாளை முதல் பஸ்ஸிலேயே போகவேண்டும். உப்பு வேண்டாம், வெல்லம் போடுங்கள், ஆத்தாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று சொன்னால் நம்பிவிடுவாள். ஆத்தாவுக்குப் பிடித்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டாள். அதனால்தான் தூக்கம் வரவில்லை.