உங்கள் எண்ணுக்கு வந்த செய்திகள்

அக்கா,

இன்று சுகாதார நிலையத்தில், புதிதாக வந்திருக்கும் செவிலியர் ஒரு குழந்தைக்கு ஊசி போடப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். அந்த வாசனை வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் இல்லாமல் வரும் முதல் மழைக்காலம் இது.

துறையூரிலிருந்து இந்த மலைக்குச் செவிலியர் வேலைக்கு வந்தவர் நீங்கள். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். செல்போன் டவர் எட்டாத, எடப்புளி நாடு என்கிற இந்த மலைப்பகுதி ஊர்களில் மரத்துக்கு மரம் வைஃபை பெட்டி கட்டி, என் வீட்டுக் கணினிவரை இணைத்திருந்தேன். அதில் ஒரு ஏஐ. மலைக்காரர்கள் போனில் பேசினால் புரிந்துகொண்டு, வைத்தியக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லும். முதலில் உங்களிடம்தான் காட்டினேன்.

போனை வாங்கி, இங்குள்ள பெண்களைப் போலவே பேசினீர்கள்: "மாசமா இருக்கறனுங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்குதுங்க."

"இது இயல்புதான். ஓய்வெடுங்கள்" என்றது அது.

"தலவலி இருக்கான்னு கேக்கலையே, தம்பி" என்றீர்கள். "ரத்தக்கொதிப்பா இருந்தா ரெண்டு உசுரு. நல்லாத்தான் பேசுது. ஆனா தெரியாதுன்னு சொல்ல வரலை. பதில் வேண்டாம். அவங்க சொல்றதை அப்படியே எங்கிட்டக் கொண்டாந்து சேர்க்கட்டும்."

சுருக்கென்றது எனக்கு. இரண்டு நாள் உங்கள் பக்கமே வரவில்லை. பிறகு மாற்றினேன். யாருக்கு, எங்கே, என்ன தொந்தரவு என்று எழுதி உங்கள் போனுக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலையானது.

ஐப்பசி மழையில் அப்படி ஒரு செய்தி வந்தது. நிறைமாதக்காரிக்குத் தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்று. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. நீங்கள் சேற்றில் நடந்தே போய், அவளைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்து, ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துத் திரும்பினார்கள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, நனைந்த சேலையோடு அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அடுத்த கோடையில் உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். விடுப்பில் கீழே துறையூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

புதிய செவிலியரின் எண்ணைச் சேர்த்தேன். உங்கள் எண்ணை எடுக்கக் கை வரவில்லை. உங்கள் போனுக்குச் செய்தி போகும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் என்னை அழைப்பார். "தம்பி, ஒரு புள்ளைக்குக் காய்ச்சலாம். அங்க நர்சுகிட்டச் சொல்லியாச்சா?" உங்கள் போனைச் சார்ஜ் போட்டே வைத்திருந்தார்.

இது புதிய செவிலியருக்குத் தெரிய வந்தது. "நோயாளி சொல்றது வேற யாருக்கும் போகக் கூடாதுங்கண்ணா" என்றார். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அன்றே உங்கள் எண்ணை எடுத்துவிட்டேன்.

சில நாள் கழித்து உங்கள் வீட்டுக்காரர் அழைத்தார். "பெட்டி ஏதும் ரிப்பேரா தம்பி? சேதியே வரலையே."

உள்ளதைச் சொன்னேன்.

"சரிதான் தம்பி. அதுதான் முறை" என்றார். பிறகு மெல்ல, "அந்தப் போன் அடிச்சா, அவ எந்திரிச்சு வேலைக்குக் கெளம்புற மாதிரியே இருக்கும்" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் நானே அவரை அழைக்கிறேன், அக்கா. மலையில் மழை பெய்ததா, மிளகு எப்படி, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று பேசுவோம். அவருடைய எண்ணும் என்னிடம் இருக்கிறது. உங்கள் எண்ணுக்குத்தான் அழைக்கிறேன்.