செப்டம்பரில் திறந்த மொட்டைக் கார்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
செப்டம்பர் 28, ஞாயிறு

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

கோரமண்டலிலிருந்து டெய்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், வீடு சுகம். வண்டி மிக மிகச் சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி உத்தரவு போடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஷைலாவை வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசியுங்கள். பூனாவில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிசியோதெரபிக்கு மட்டம் போடுகிறீர்களாமே? வலது கைக்கு அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தைப் பேத்திக்கு விளையாடக் கொடுத்துவிட்டீர்களாம். இங்கே எல்லாச் செய்தியும் வந்து சேருகிறது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் போன் செய்து, வண்டியை விற்கப் பேசிவிட்டதாகச் சொன்னீர்கள். அக்டோபர் ஐந்தாம் தேதி பெங்களூர்க்காரர் வருவார், சாவியைக் கொடுத்துவிடு என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு என்றீர்கள். அன்று நான் போனை வைத்துவிட்டேன். மேலே பேசியிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பத்து நாள் முன்புதான் எனக்கு லைசென்ஸ் வந்திருந்தது.

கோபப்படாமல் மேலே படியுங்கள். கை கால் இழுத்துக்கொண்டதற்கு வைத்தியம் பார்க்க நீங்கள் மே மாதம் ரயில் ஏறினீர்கள். ஜூன் முதல் வாரமே, பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் மகள் இந்து நடத்துகிற டிரைவிங் கிளாஸில் சேர்ந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதுக்காரி எல் போர்டு வண்டியில் போவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கிளட்ச்சை விட்டால் வண்டி துள்ளும், இந்து தன் பக்கப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கர்த்தரையும் சாமுண்டியையும் சேர்த்துக் கூப்பிடுவாள். ஆனால் டெஸ்டில் எட்டுப் போடச் சொன்னபோது ஒரே தடவையில் போட்டேன்.

அடுத்தது நம் வண்டி. ஷெட் கதவில் நீங்கள் சாக்பீஸால் எழுதி வைத்த சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கோடை வெயிலில் சீட் வெடிக்கும், ஆடிக் காற்றில், தங்கச் சுரங்கம் அரைத்துக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி என்ஜின் வரைக்கும் போகும், அக்டோபர் மழையில் கேன்வாஸ் டாப் ஊறிவிடும், ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும். மீதி ஒன்பது மாதம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டும். பாழடைந்த பங்களாவில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கற்ற வித்தையெல்லாம் காட்டி ஓட வைத்தவர் நீங்கள். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டாப்பை மடக்கிய மொட்டைக் காரில் சர்ச்சுக்குப் போக ஆசைப்பட்டு, இந்த லைன் வீட்டு வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் டிசம்பர், ஜனவரியில்தான் கல்யாணத் தேதி வைத்தார்கள். பாஸ்டருக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

எதிர் வீட்டு இன்பராஜின் மகள் லவினாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாப்பிள்ளைக்குத் துபாயில் செப்டம்பரில்தான் லீவு. இன்பராஜ் வீட்டுக்கு வந்து, அவராகவே கேட்டு அவராகவே பதிலும் சொல்லிக்கொண்டார். “அண்ணன் இருந்தாலும் செப்டம்பர்ல வண்டி குடுக்க மாட்டாரு. இப்ப அவரும் இல்ல. இன்னா பண்றது, விடுங்க சிஸ்டர்.” நான் ஓட்டுகிறேன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் ஷெட் சாவியைத் தேடினேன்.

பேட்டரியைச் சார்ஜ் செய்து, டயருக்குக் காற்றடித்து, ஏர் ஃபில்டரில் குடியிருந்த எலிக் குடும்பத்தைக் காலி செய்ய வைத்து, ஒன்பதாம் தேதி காலை இந்துவோடு புறப்பட்டேன். டாப்பைத் திறந்துதான். மேட்டுக்குப் பக்கத்தில் போனதும் காற்று எழும்பியது. திரும்பி வந்தபோது மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல இருவரும் வெள்ளையாக நின்றோம். பல்லெல்லாம் நறநற. உங்கள் சட்டத்தில் அந்த வரி சரிதான், ஒப்புக்கொள்கிறேன். சீட்டு இடுக்கில் புகுந்த தூசியை எடுக்க இரண்டு நாள் ஆனது.

பதினோராம் தேதி சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பார்க்கிறேன், காற்று அதே வேகத்தில் அடிக்கிறது, மேட்டிலிருந்து ஒரு சிட்டிகை தூசி எழும்பவில்லை. ஈரத்தில் மேல் மண் இறுகிப் போயிருந்தது. அன்றிலிருந்து தினமும் காலண்டரில் பென்சிலால் குறித்து வந்தேன். எந்த மழையும் மூன்று மணிக்கு முன்னால் வரவில்லை. சாயங்காலம் பெய்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூசி இல்லை, ரோடு கழுவிவிட்ட மாதிரி, வெயிலும் இதம். டிசம்பர் பனியைவிட நல்ல காலைகள், ஐயா. இத்தனை வருஷமாக அதையெல்லாம் ஷெட்டுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வைத்திருந்த கல்யாண ஆராதனையைக் காலை பத்து மணிக்கு மாற்றச் சொன்னேன். பாஸ்டர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். இருபத்து நாலாம் தேதி கல்யாண வீட்டில் எல்லாரும் மழை வரக் கூடாது என்று ஜெபிக்க, நான் ஒருத்தி மட்டும் மழையைக் கேட்டு ஜெபித்தேன். ஐந்து மணிக்குக் கொட்டியது. பந்தல் ஒழுகியது என்று லவினாவின் அம்மா என்னை முறைத்தார். நான் வண்டியின் பின் சீட்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, கல்யாணத்தன்று, காலை ஒன்பதரைக்கு டாப்பை மடக்கினேன். வானம் சுத்தம். பின் சீட்டில் லவினாவும் இன்பராஜும். மேட்டைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு துகள் வரவில்லை, பெண்ணின் வெள்ளை நெட் மட்டும் பறந்துகொண்டே வந்தது. ஊரிகம் ஏற்றத்தில் முன்னால் போன ஆட்டோ நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் மெதுவாக ஏற்றினேன். ஒரு இன்ச் பின்னால் உருளவில்லை. லைன் வீடுகளிலிருந்து சனம் வெளியே வந்து கை தட்டியது. உங்களோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் நாலைந்து பேர் சர்ச் வாசலில் எழுந்து நின்றார்கள். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. “அண்ணன் பார்த்திருக்கணும் சிஸ்டர்” என்று இன்பராஜ் சொன்னார். மூன்றரைக்கு மழை வந்தபோது வண்டி ஷெட்டுக்குள் உலர்ந்து நின்றது.

நேற்றே பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து, வண்டியை ஓட்ட ஆள் இருக்கிறது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஒன்று கேட்கிறேன். டாக்டர் ஜூலையிலேயே ஊருக்குப் போகலாம் என்று சொன்னதை ஷைலா என்னிடம் சொல்லிவிட்டாள். கோலை ஊன்றிக்கொண்டு இந்தத் தெருவில் நடக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அது எனக்குப் புரியாமல் இல்லை. பங்காருபேட்டை வரைக்கும் டிக்கெட் போடச் சொல்லுங்கள். காலை ரயிலாகப் பார்த்துப் போடுங்கள், இது மழைக்காலம். ஸ்டேஷன் வாசலில் டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். ஏறும்போது கை கொடுப்பேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முப்பத்தெட்டு வருஷம் உங்களுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், அதனால் நான் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை. நீங்களும் குறைந்து போக மாட்டீர்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வந்துவிடுங்கள்.

உங்கள்
டெய்சி