ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

என் செல்ல மகளுக்கு,

கொஞ்சம் கோபத்தோடும் நிறைய முத்தங்களோடும் அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். சமையலறைக் குழாய்க்குத்தான் சுகமில்லை. அப்பா தானே சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். ஓரிடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் கல்யாண உடுப்பு தைத்து வந்துவிட்டது. தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் போலிருக்கிறது. அதற்காகப் பட்டினி கிடக்காதே, பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணம் முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாய். அது உன் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். இதையேதான் உன் வருங்கால மாமனார் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் அவரும் போதகரும் வந்தார்கள். சபைச் செயலாளர் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறவள், காலை ஆராதனை நேரத்தில் நோயாளிகளுக்கு மலம் துடைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களாம். மாலை ஆராதனைக்குத் தவறாமல் வருகிறேனே என்றேன். மாலையில் யார் வருகிறார்கள் என்று சிரித்தார். ஆண்டவர் வருகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, "தேவனுக்கு முதலிடம் குடுக்கப் பழகுங்க சம்பந்தியம்மா" என்றார். போதகர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளுக்குள் தலையை விட்ட உன் அப்பா, அவர்கள் செருப்பு மாட்டும்போதுதான் வெளியே எடுத்தார்.

நான் விடமாட்டேன், மகளே. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலையில் எங்கள் முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு. எல்லோரும் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று விடுப்பு கேட்கிறார்கள். ஆனால் படுக்கையில் கிடப்பவர்களின் வயிற்றுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. விரிப்பை மாற்ற வேண்டும், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், ஊட்ட வேண்டும். வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒருவருடைய காலைத் துடைக்கும்போது நான் வேறு ஜெபம் எதுவும் சொல்வதில்லை. சீடர்களின் காலைக் கழுவியவருக்கு இது ஜெபம் என்று புரியாதா? அவருக்குப் புரியும். செயலாளருக்குத்தான் புரியவில்லை.

உடனே என்னைப் புனிதவதி ஆக்கிவிடாதே. போன மாதம் ஒருவர் கஞ்சியை என் முகத்தில் துப்பியபோது, முகம் கழுவ எடுத்த சோப்பைச் சுவரில் அடித்தேன். பிறகு அவருக்கும் சேர்த்து நானே சிரித்தேன்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. பாட்டுக்காரர் என்று கூப்பிடுவோம். ஞாயிறு காலையில் நான்தான் அவருக்குச் சவரம் செய்கிறேன். கன்னத்தில் நுரை பூசியதும் கீர்த்தனை பாட ஆரம்பித்துவிடுவார். அசையாதீர்கள், மூக்கை வெட்டிவிடுவேன் என்று மிரட்டினால், சரணம் முடிகிறவரை பொறு என்பதுபோல் நல்ல கையைத் தூக்குவார். கத்தியைப் பிடித்தபடி நானும் சேர்ந்து பாடுவேன். என் காலை ஆராதனை அதுதான்.

உன் கல்யாணத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். எந்த வீட்டுப் பையன் என்று கேட்டார். சொன்னேன். "அவங்கப்பா என் தம்பிதான்" என்றார்.

நான் நம்பவில்லை. நிச்சயத்தன்று உன் மாமனார் என்ன சொன்னார்? அண்ணன் வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறார், விடுப்பு கிடைக்கவில்லை என்றுதானே? ஆனால் பாட்டுக்காரர் தன் இடப் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "சின்ன வயசுல நான் எறிஞ்ச பந்து பட்டு இங்க கிழிஞ்சிடுச்சு, அவனுக்கு இன்னும் அந்தத் தழும்பு இருக்கும்" என்றார். போன வாரம் எதிரே உட்கார்ந்து முதலிடத்தைப் பற்றி உபதேசம் செய்தவரின் புருவத்தை நன்றாகப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவனையே மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன். உங்கள் அண்ணனுக்குத்தான் ஐயா சவரம் செய்கிறேன் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பயத்தினால் இல்லை. வாய்ச்சண்டையில் ஜெயிக்க நான் எடுத்து எறிவதற்கு அந்த மனிதர் கல் இல்லை. உனக்கு எழுதலாமா என்றுகூட அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "வீட்டுக்கு வரப்போற மருமகளாச்சே, சொல்லுங்க" என்றார். அப்புறம் கூச்சத்தோடு, "கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா? கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

கூட்டிப் போகிறேன் என்று கையில் அடித்துச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது என் தப்பா சரியா என்று நீயே முடிவு செய். வாக்கைத் திரும்ப வாங்க மாட்டேன். அன்று காலை அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் நானே தள்ளிக்கொண்டு வருவேன். கடைசி பெஞ்சு எல்லாம் கிடையாது. மணமகளின் தாய்க்கு முன்வரிசையில் இடம் உண்டல்லவா? என் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் விடச் சொல். இடம் இல்லையென்றால் நாங்கள் இருவரும் வாசலில் இருந்து பாடுவோம். அவர் குரல் பீடம்வரை கேட்கும்.

இதனால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று உனக்கு நெஞ்சு பதறும். எனக்கும் பதறுகிறது. இந்தக் கடிதத்தை முடிக்க முடியாமல் நான்கு நாளாகத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். மாப்பிள்ளை நல்ல பையன் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரிடம் சண்டை போடாதே, உபதேசமும் வேண்டாம். உங்கள் பெரியப்பா எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்.

நாளைக்கு நீ படுத்துவிட்டால் உன் முகத்தைத் துடைக்கப்போகிற கை அவருடையதுதான், கண்ணே. அந்தக் கையை ஆண்டவர் உனக்கு நல்லதாகத் தரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னையும் நினைத்துப் பாடுகிற,
உன் அம்மா