விலையில்லாக் குளிகை

அன்பு மகள் ரெனிஷாவுக்கு,

சேசுவின் இரக்கத்தால் அப்பாவும் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே சாளை மீன் நன்றாகக் கிடைக்கிறது, அம்மா குழம்பு வைக்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் இறக்குகிறாள்.

நம் பங்குக் கோயிலின் மருத்துவ நிதிக்கு நீ எழுதித் தந்த திட்டத்தை ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கினோம். முன்பு எல்லா மருத்துவச் செலவிலும் பாதி அவரவர் தலையில். இப்போது சர்க்கரை, பிரஷர் குளிகைகளும் கண், கால் பரிசோதனையும் முழுக்க நிதியின் பொறுப்பு, அசதிக்கு ஏற்றிக்கொள்ளும் குளுக்கோஸ் முழுக்க அவரவர் பொறுப்பு. எது காலையும் கண்ணையும் காப்பாற்றுமோ அதன் வாசலில் விலை நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். ஒரே வரி. பலமுறை படித்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அன்றுதான் புரிந்தது. ஊருக்குக் கோபம், குளுக்கோஸ் போச்சே என்று. வள்ளக்காரர் சிலுவைமுத்து மாமா என்னைக் கண்டால் போதும், ஏலே செல்வா, ஒனக்க மவ சொர்க்கத்துக்கும் ரேட்டு போட்டாச்சா என்பார்.

போன வாரம் அவர் மனைவி பூங்கனி மாமி, சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. நிதி கொடுத்த குளிகையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியிருக்கிறார். கண் திறந்ததும், காசு வாங்காம குடுக்க குளிகையில என்ன பவர் கெடக்கும், அதான் சேத்துப் போட்டேன் என்றாராம். இப்போது நலம். ஆனால் மாமா விடவில்லை, திட்டத்தையே நிறுத்தச் சொல்லி ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் கூட்டிவிட்டார். மாமி முன்பு கடையில் வாங்கிய குளிகை அட்டையையும் நிதி கொடுத்த அட்டையையும் மாமா கையில் கொடுத்தேன். ஒரே கம்பெனி, ஒரே குளிகை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னே எதுக்குலே ஓசி என்றார். உன் வரியைச் சொன்னேன். பெண்கள் பக்கமிருந்து மாமி எழுந்தார், பாதிக் காசு குடுத்தப்போ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டேன், காலுல புண்ணு ஆறாம கெடக்கு, ஒங்ககிட்ட சொல்லல என்றார். திட்டம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னோம். திட்டம் நிலைத்தது. ஏன் இலவசம் என்று முதலிலேயே ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும், உன் எழுத்தில் விட்டுப்போனது அது ஒன்றுதான், சேர்த்துக்கொள். மாமா மட்டும் கை தூக்கவில்லை.

நேற்றுக் கால் பரிசோதனைக்கு முதல் ஆளாக மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது அவர்தான். நர்ஸ் மாமியின் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தாள், ஆழமில்லை, ஆறிவிடும் என்றாள். அவ்வளவு நேரமும் மாமியின் செருப்பு இரண்டையும் கையில் பிடித்தபடி நின்றார் மாமா. கீழே வைக்கவே இல்லை.

உனக்குக் கடைவாய்ப் பல் வலி என்று அம்மாவிடம் சொன்னாயாமே, ஊருக்கெல்லாம் எழுதித் தந்தவள் தள்ளிப்போடாதே மக்கா, டாக்டரிடம் காட்டு. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்
அப்பா செல்வன்