மேட்டுப் பக்கத்தைச் சுற்றிப் போகிற கோடு

மச்சான்,

இன்று காலை என் சப்பாத்துக் கடையில் புதுச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து ரப்பர் வாசனை எழுந்து மூக்கில் ஏறிய நேரத்தில் மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. நம் ஓட்டச் செயலியிலிருந்து ஒரு செய்தி. வரைபடம் திருத்தப்பட்டுவிட்டதாம், பழைய ஓட்டங்களை எல்லாம் மறுபடி அளந்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைத் தோட்டச் சுற்றின் தூரம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். எனக்கு வந்தது போலவே உன் கணக்குக்கும் வந்திருக்கும். உன் கணக்கை மூட எனக்கு மனம் வரவில்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் உன் ஓட்டத்தின் தூரம் கூடுகிறது என்றால், ஏன் கூடியது என்று யாராவது உன்னிடம் சொல்ல வேண்டாமா?

இந்தச் செயலியில் நான் காசு போட்டது விளையாட்டின் மேலுள்ள பக்தியால் அல்ல, உனக்குத் தெரியும். ஓடுகிறவனுக்குக் காலில் போடுகிற சப்பாத்து சீக்கிரம் தேயும். எவ்வளவு ஓடியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தால், தேய்கிற நேரம் பார்த்துக் கடைக்குக் கூப்பிடலாம். அவ்வளவுதான் என் கணக்கு. அதைச் சொன்னபோது நீ ஓட்டிவந்த பாக்டரி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். "அப்ப நான் ஓட ஓட நீ கல்லாவ நெரப்புவ. நல்ல கூட்டாளிலா நீ" என்றாய். ஆனால் முதல் ஆளாக அதை வைத்துக்கொண்டு ஓடியதும் நீதான். தொப்பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் நான்.

நாம் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. நாம் குடியிருந்த லயத்து வீடுகளின் இடத்தில் உரக் கொட்டகை நிற்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் எங்கும் பச்சை, நடுவில் பழைய வண்டிப்பாதை மட்டும் நேராக ஒரு கோடு. அங்கே எந்த இடத்துக்கும் எந்த வரைபடத்திலும் பெயர் கிடையாது. நாமும் நம் கூட்டாளிகளும் ஓடிய ஓட்டம்தான் அங்கே வரைபடம்.

அந்த வண்டிப்பாதை மேட்டைத் தொடுகிற இடத்தில் நம் கோடு பாதையை விட்டு இறங்கும். செம்பனை வரிசைகளுக்குள் வளைந்து, மேட்டுக்கு அப்பால் மறுபடி பாதையில் ஏறும். மேட்டில் இருப்பது நம் இடுகாடு. தோட்டத்தைவிட்டு எல்லாரும் வெளியேறிய பிறகும், செத்தால் அங்கேதான் கொண்டுவருகிறோம். பாதை அதன் நடுவில் போவது சவப்பெட்டியைக் கொண்டுபோவதற்காக. வேறு காரியத்துக்கு அதில் யாரும் கால் வைத்ததில்லை. வெளியே கிளம்பும்போது அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம். 'மேட்டுப் பக்கம்' என்றால் போதும், கேட்கிறவனுக்குப் புரியும்.

வரைபடத்தில் பெயர்கள் போட உட்கார்ந்த அன்று, ரொட்டிச் சானாய் ஆறிப்போகும் வரை நாம் அதற்காகத்தான் வாதாடினோம். எல்லாவற்றுக்கும் பெயர் போட்டால் புது ஆளும் தைரியமாக வருவான் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"தண்ணிக் கொழா போடு, நாய் நிக்கிற எடம் போடு. மேட்டுப் பக்கத்துக்கு மட்டும் பேரு வேணா மச்சான். ஓடலாம்னு ஆசையா எந்திரிச்சவன், கைப்பேசியத் தொறந்ததும் அதுலயா முழிக்கணும்? சுத்திப் போற கோடு இருந்தா போதும். பாக்கிறவன் சுத்திப் போவான்."

சரி என்றேன். வியாபாரத்துக்கும் அது ஒத்துவந்தது.

அடுத்த மழைக்காலத்தில், பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். அவ்வளவு ஓடிய இதயம், ஓடும்போது நிற்காமல் வாளிப் பக்கத்தில் போய் நின்றது. உன்னை அந்த வண்டிப்பாதையில்தான் கொண்டுபோனோம். உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே, பாதை ஓரமாக இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு செயலி நீ நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்தது. லூமுட்டிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் பந்தய ஓட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் நம்மைப் போலப் பேசிக்கொண்டே ஓடுகிறவர்கள் இல்லை. மரத்தடியில் கோடு கோணல்மாணலாக விழுகிறது, தூரம் தப்பாக வருகிறது, எங்கே ஏற்றம் எங்கே இறக்கம் என்றே தெரியவில்லை என்று ஏசி எழுதினார்கள். வரைபடத்தை முழுதாக மாற்றி அமைக்க சூ லின் என்ற பெண்ணை அமர்த்தினேன். ஈப்போக்காரிதான். வேலையில் சுத்தம். ஏற்றத்துக்கு நிறம் காட்டினாள், நிழலுள்ள பகுதியைத் தனியாகக் காட்டினாள். மரங்களுக்கு அடியில் தடுமாறுகிற கோடுகளைப் பக்கத்தில் இருக்கும் பாதையோடு தானாக ஒட்டிக்கொள்ளும்படி செய்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பிடித்தது. இன்றும் சொல்கிறேன், அவள் செய்தது சரியான வேலை. பாதையே இல்லாத செம்பனை வரிசைக்குள் எல்லாரும் எதற்கு வளைகிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து ஆட்களுக்கு அது வாய்விட்டுச் சொல்லவேண்டிய விஷயமே இல்லை. ஆகவே யாரும் சொல்லவில்லை. நம் வளைவை இயந்திரம் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு வண்டிப்பாதையோடு ஒட்டிவிட்டது.

முதலில் கமுந்திங் குழுவுக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தோம். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நம் தோட்டத்தில் ஓடினார்கள். கோடு நேராகப் போனது, அவர்களும் நேராகப் போனார்கள்.

விளக்கேற்றப் போன உன் லெட்சுமிதான் எனக்கு அழைத்தாள். அழவில்லை. "அண்ணே, ஒருக்கா மேட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா" என்று மட்டும் கேட்டாள். காடியை ஓட்டிக்கொண்டு போனேன். மழைவிட்ட மண். பாதையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஓடியவர்கள் ஓரத்தில் ஏறி மிதித்திருக்கிறார்கள். நீ படுத்திருக்கும் இடத்தின் ஓரம் சரிந்திருந்தது. அகல் ஒன்று மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது. தடத்தைப் பார்த்ததுமே எனக்கு எந்தச் சப்பாத்து என்று தெரிந்துவிட்டது. முக்கோணப் பற்கள், குதிகாலில் ஒரு வெட்டு. சேற்றுக்கு இதைவிட நல்லது கிடையாது என்று என் கையால் எடுத்துக் காட்டி விற்ற சரக்கு. லெட்சுமியிடம் அதைச் சொல்லவில்லை. 

சூ லின்னை அழைத்துப்போய்க் காட்டினேன். ஓரத்திலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து பார்த்தாள். இந்த மேட்டை ஓடக்கூடாத இடமாக மூடிவிடலாம், வளைவு திரும்பி வந்துவிடும் என்றாள். ஆனால் பெயரும் காரணமும் போடாமல் மூடினால், நாளைக்கு வரைபடத்தைச் சுத்தம் செய்கிற இன்னொருவர் அதையும் பிழை என்று நினைத்து நீக்கிவிடுவார் என்றும் சொன்னாள். "எனக்கு நீங்கள் சொன்னீர்கள். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு யார் சொல்வது?" என்று மலாயில் கேட்டாள்.

பெயர் போட்டால் உன் வார்த்தையை மீறுகிறேன். போடாவிட்டால் என்றைக்காவது உன்மேல் மறுபடி ஓடுவார்கள். இடையில் என் புத்தி வேறு ஒரு வழி சொன்னது. கடையின் தோட்ட ஓட்டம் அடுத்த மாதம் இருக்கிறது, இடுகாடு என்று பார்த்தால் குடும்பத்தோடு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள், பேசாமல் இந்தத் தோட்டத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு ஓட்டத்தை வேறு பக்கம் மாற்று என்றது. சுலபம்தான். ஆனால் நான் எடுத்தால் மற்றவன் செயலியில் அந்த நேர்க்கோடு வரும்.

கடைசியில் லெட்சுமியிடமே போனேன். பசியாறச் சொல்லித் தோசை வைத்தாள். நீ ரொட்டிக் கடையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு அன்னைக்கு வெளிய நின்னு சொன்னாரு. இப்ப உள்ள படுத்திருக்காரு. பேரப் போடுங்கண்ணே. பேரு இல்லாத எடத்துலதான் மொதல்ல மெசின் வந்து நிக்கும். பக்கத்துத் தோட்டத்துல பாத்தோம்லா."

பார்த்தோம்தான். வீடு கட்ட மண் தள்ளும் மெசினை வைத்து நிலத்தைச் சமப்படுத்தினார்கள். அங்கே ஆட்கள் புதைந்திருக்கிறார்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னவர்களுக்கு, காட்ட ஒன்றும் இல்லை.

பெயரைப் போட்டுவிட்டேன். வளைவும் திரும்பி வந்தது, இன்று மறுபடி அளந்ததில் உன் தூரம் கூடியது அதனால்தான். தோட்டத்தின் பெயர், இடுகாடு என்ற சொல், இன்றும் அடக்கம் நடக்கிறது, சுற்றிப் போகவும் என்ற வரி. தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கமுந்திங் குழுவின் தலைவர் யாரும் கேட்காமலே தன் ஆட்களோடு வந்து மண்ணை அணைத்துவிட்டு, புது அகல் வைத்துவிட்டுப் போனார். பயந்தது போலவே சிலர் ஓட்டத்திலிருந்து விலகினார்கள். கிள்ளானில் இருக்கும் நம் பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டு, காலங்காத்தால சுடுகாட்டைக் காட்டுகிறாயே, வேறு வியாபாரம் கிடைக்கவில்லையா என்று ஏசினான். "நீயும் ஒருநா வரணும்லா, வழி தெரிய வேணாமா" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

நீ இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். உன் பக்கத்து நியாயம் எனக்கு இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது. கிளம்புகிறவன் மனசு எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாய். நான் வாழ்நாள் முழுக்க விற்குமா விற்காதா என்று யோசித்தவன். எதிர்த்துப் பேச நீ இல்லாததால், உன் பேச்சையும் நானே பேசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சூ லின் வேறு ஒன்று கேட்டாள். ஓட்டக் கோடு அவரவர் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவது எல்லாருக்கும் தெரியும்படி விடலாமா என்று. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேருவார்கள், விடு என்று சொல்ல வாயெடுத்தேன். தனியாக ஓடுகிற பொம்பளைப் பிள்ளையின் வாசலை ஊருக்கு எதற்குக் காட்டுகிறாய் என்று நீ குறுக்கே விழுந்தாய். மறைத்துவிடச் சொன்னேன்.

இப்படிப் பெரும்பாலும் நீயே ஜெயிக்கிறாய். நான் விட்டுவிடுகிறேன். மேட்டுப் பக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், மச்சான். அங்கே படுத்திருப்பது நீ.