தேரியோரத்துக் கடைசிப் பாத்தி

அக்கா,

இன்று காலை மார்க்கெட்டில் காய் விற்கும் பெண் ஒரு சீனியவரைக்காயை என் காதருகே பிடித்து ஒடித்தாள். "பிஞ்சும்மா, சத்தத்தக் கேளுங்க" என்றாள். அந்தப் படக்கென்ற சத்தமும், ஒடிந்த இடத்திலிருந்து எழுந்த பச்சை வாசனையும் என்னை அங்கேயே நிறுத்திவிட்டன. ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இன்றோடு பதினாறு நாள்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்து நாலு வயது. நாசரேத்தில் படிப்பை முடித்துவிட்டு, தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலத்தீவுக்குக் காய்கறி அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கம்பெனி விதையும் உரமும் கொடுக்கும். விளைந்ததை வேறு யாருக்கும் போடாமல் கம்பெனிக்கே தருவதாக விவசாயிகள் எழுதிக் கொடுப்பார்கள். வாரத்தில் மூன்று நாள், சாத்தான்குளத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சீனியவரைக்காயைப் பார்த்து எடுப்பது என் வேலை. விரல் நீளம் இருக்க வேண்டும், விதை புடைத்திருக்கக் கூடாது, வளைத்தால் ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்து கொடுத்தால் முத்தல். முத்தலை ஏற்றினால் மாலேயில் இறக்கும்போது வெறும் நாராகத்தான் கிடக்கும்.

நீங்களும் உங்கள் தங்கை பேச்சியும்தான் அங்கே எப்போதும் முதலில் வருவீர்கள். புருஷனைப் பறிகொடுத்த நீங்கள், கல்யாணமே வேண்டாமென்று உங்களோடு இருந்துவிட்ட அவள், தேரியின் ஓரத்தில் ஒரு ஏக்கர். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல் மேடு. முதல் வாரம் என்னைக் "கம்பெனியம்மா" என்றீர்கள். மூன்றாம் வாரமே "ஏளா கிரேசு" ஆகிவிட்டேன். பேச்சி அதிகம் பேசமாட்டாள். பறிப்பு இல்லாத மாதங்களில் தூத்துக்குடிக்கு வந்து, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சரக்குக் கிட்டங்கியில் காய் அடுக்குவாள். எல்லாக் காயின் வாலும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி, சீப்பால் வாரிவிட்டது போல அடுக்குவாள். மற்றவர்கள் ஒரு பெட்டி அடுக்குவதற்குள் இவள் ரெண்டு அடுக்கி முடித்திருப்பாள்.

அந்த ஆடி மாதத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறோம்.

உங்களுக்குக் கடுமையான காய்ச்சல். பேச்சி தனியாளாகப் பறித்து, இரண்டு நாள் தாமதமாக, தலையில் ஓலைப்பெட்டியோடு வந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு முத்தல் காய் போனாலும் உன் வேலை இருக்காது என்று சொல்லியிருந்தார். நான் நாலு காயை எடுத்து வளைத்தேன். நாலும் வளைந்தன. பெட்டியின் மேல் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்காவுக்கு முடியல. இந்த ஒரு தடவ எடுத்துக்கிடுங்களேன்."

"முடியாது பேச்சி."

அவள் வெளியே பார்த்தாள். லாரியில் ஏற்றியாகிவிட்டது, மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆடிக் காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. உச்சி வெயில்.

"கொஞ்சம் இங்கன இருந்துக்கிடுதேன். வெயில் தாந்த பெறவு போறேன்."

"கொட்டகையப் பூட்டணும். லாரி நிக்கி. நீ கிளம்பு."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைச் சுற்றிப் போகாமல், தேரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தாள். நான் பூட்டைப் பூட்டிவிட்டு லாரியில் ஏறினேன். அவள் வீடு வந்து சேரவில்லை.

ஊரே தேடியது. அந்தக் காற்றில் தேரியில் காலடி ஒரு நிமிஷம்கூட நிற்காது என்று உங்களுக்கும் தெரியும். போலீஸ்காரர் என்னிடம் கேட்டபோது, "வந்தா, காய் முத்தலா இருந்துச்சு, திரும்பிப் போயிட்டா" என்றேன். அவள் உட்கார இடம் கேட்டதைச் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குள் நடந்த பேச்சு. லாரிக்காரர் ரோட்டில் இருந்தார்; கேட்க கொட்டகையில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை.

புரட்டாசியில் காற்று அடங்கியபோது பெட்டி மட்டும் கிடைத்தது. உங்கள் வேலி ஓரத்திலேயே, வாய் கட்டியபடி, நான் போட்ட குறி அழியாமல். உள்ளே காய்கள் காய்ந்து சருகாகி, விதைகள் மட்டும் கிலுகிலுத்தன. மழைக்குப் பிறகு கம்பெனி விதையைத் தோட்டம் முழுக்க ஊன்றிய நீங்கள், தேரியை ஒட்டிய கடைசிப் பாத்தியில் மட்டும் அந்த விதைகளை ஊன்றினீர்கள். வேறு விதை போடக் கூடாது என்பது ஒப்பந்தம். எனக்குத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

தை மாதம் பயிரைப் பார்க்க வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து சேரும்போது சரியாக உச்சி. ஒரு குருவிச் சத்தமில்லை. நீங்கள் முன் பாத்தியில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வரப்பிலேயே கடைசி வரை நடந்தேன். கடைசிப் பாத்தியில் பறிப்பு முடிந்திருந்தது. பறித்த காய் வரப்பின் மேல் குவித்து வைக்கப்பட்டிருந்தது. வால் எல்லாம் ஒரே பக்கம், தேரியைப் பார்த்து. ஈரப் பாத்தியில் ஒரு காலடி இல்லை. குனிந்து தொட்டேன். அத்தனை வெயிலில் அந்தக் காய்கள் கிணற்றுத் தண்ணீரில் கிடந்தது போலச் சில்லிட்டிருந்தன.

"இதை நீங்க பறிச்சீங்களாக்கா?"

நீங்கள் நிமிரக்கூட இல்லை. "நான் இன்னும் அந்தப் பக்கமே வரல."

"பின்ன யாரு?"

அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். "எடுத்துக்கோ, கிரேசு. இந்தத் தடவ திருப்பி அனுப்பிராத."

ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்கும் தைரியம் இல்லை. அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் கிட்டங்கியில் அந்தப் பெட்டியைத் திறந்ததும் பெண்களின் பேச்சு நின்றது. நான் அள்ளிப் போட்ட காய்கள். லாரியில் குலுங்கி வந்த காய்கள். வால் எல்லாம் ஒரே பக்கம் இருந்தன. நடுநடுவே பொடிச் செம்மணல். யாரும் கை வைக்கவில்லை. அடுக்குகிறவர்களில் மூத்தவளான ரோசம்மா மட்டும் கிட்டே வந்து பார்த்தாள்.

"சேசுவே! இது நம்ம பேச்சி அடுக்குல்லா?" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "ஒங்க யாருக்கும் வேண்டாம்னா வுடுங்க, நான் கட்டுதேன்" என்று ஈரச்சாக்கு போட்டுக் கட்டி, தோணிக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பறிப்பிலும் அந்தப் பாத்தியிலிருந்து ஒரு குவியல் வந்தது. தங்கையை மறக்க முடியாமல் நீங்களேதான் பறித்து அடுக்கி வைக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காலடி இல்லாத அந்த ஈரப் பாத்தி நினைவுக்கு வரும். அந்தச் சமாதானம் நிற்காது. தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கொட்டகையைப் பூட்டும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ உட்கார இடம் தேடி நிற்பது போலவே இருந்தது. கடைசிப் பறிப்பன்று, யாரும் கூப்பிடாமலே உங்கள் தோட்டத்துக்கு வந்தேன்.

நீங்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் நின்றபடியே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு அவ வெயில் தாழ்ற வரைக்கும் உட்காந்திருக்கேன்னு கேட்டா. நான்தான் விடல. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

"தெரியும்" என்றீர்கள். "பின்னால பூட்டுற சத்தம் கேட்டுச்சாம். திரும்பிப் பாக்கலாமான்னு நெனச்சாளாம். பாக்கலையாம்."

"யாரு சொன்னாங்கக்கா?"

நீங்கள் கடைசிப் பாத்தியைப் பார்த்தீர்கள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயா வந்து சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தா போல. இனி வரமாட்டா. நாளைக்கே அவளுக்குக் காரியம் செய்யச் சொல்லணும்" என்றீர்கள். அதுவரை, உடம்பு கிடைக்காத பிள்ளைக்கு எப்படிக் காரியம் என்று ஊர்க்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். அப்புறம் நான் எதிர்பாராததைச் செய்தீர்கள். வீட்டுக்குள் கூட்டிப் போய் எனக்குச் சோறு போட்டீர்கள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்கப்புறம் குவியல் வரவில்லை. அடுத்த ஆடியில் மணல் வேலியைத் தாண்டி வந்து கடைசிப் பாத்தியை மூடியது. நீங்கள் அதை அள்ளி எடுக்கவில்லை. வேலியை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். கம்பெனி மூடின பிறகும், என் கல்யாணத்துக்கும் என் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் வந்தீர்கள். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்று நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், யார் சார்பில் பதில் சொல்வீர்களோ என்று பயம்.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கொட்டகையில் இருந்த மிச்ச காலம் முழுக்க, பெட்டியைத் திறக்கும் முன் ஆளைப் பார்த்து, "எந்தப் பாதையாப் போவீங்க?" என்று கேட்பேன். இப்போதும் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் கேட்கிறேன். பால்காரர் சிரிப்பார். மருமகள், "அத்தே, தெருமுனைக்குத்தான்" என்பாள். அவர்கள் பதில் சொன்ன பிறகும் தலை மறையும் வரை கதவைச் சாத்துவதில்லை.

நீங்கள் தவறிய செய்தி வந்த அன்று மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான். வாசலுக்குப் போய் நின்றேன். தெருவில் ஆளில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"எந்தப் பாதையாப் போறீங்கக்கா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

பதில் வரவில்லை. சாயங்காலம் பேரப்பிள்ளைகள் வரும் வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

கிரேஸ்