வரக்காப்பியும் உன் அம்மாவின் ஐந்து மாத மௌனமும்

கள்ளக்குறிச்சி,
கார்த்திகை 12.

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு சுகம், உன் அம்மாவுக்கு மூட்டுவலிகூடக் கம்மி, ஜெர்மனிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீயே வறுத்து அனுப்பிய காப்பியைக் குடித்துவிட்டு, ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கிறது, கடைசியில் நாக்கில் தேன் நிற்கிறது என்று போனில் அளந்தேனே, அதெல்லாம் பாக்கெட்டின் பின்னால் இங்கிலீஷில் போட்டிருந்ததைக் கண்ணாடி மாட்டிப் படித்தது. நடந்தது வேறு. கொட்டையாக அனுப்பியிருந்தாயா, வீட்டு மிக்சியில் போட்டால் உன் அம்மா பார்த்துவிடுவாளே என்று அரவை மில்லுக்கு எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் யாரோ கல்யாண வீட்டுக்காரர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார், அங்கே நின்று தும்மினேனே தவிர அதன் அர்த்தம் இந்த மண்டைக்கு எட்டவில்லை. நம் மோட்டார் காயில் கட்டும் கடையிலேயே நீ அனுப்பிய பீங்கான் கூம்பை வைத்து, வடிகட்டும் காகிதம் போட்டு, வீடியோவில் நீ காட்டியபடி வட்டம் வட்டமாக வெந்நீர் ஊற்றி இறக்கி, ஒரு வாய் குடித்ததும் கண்ணிலிருந்து கொட்டுகொட்டென்று கொட்டுகிறது. பக்கத்துப் பஞ்சர் கடை கொளஞ்சியப்பன் ஓடிவந்து, அழுவாதண்ணே, பொண்ணு தூரத்துல கீதுன்னா அப்படித்தான் இருக்கும், என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அது எரிந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படித் திருட்டுத்தனமாகக் காப்பி போட்டேன் என்று கேட்பாய். நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுக் காப்பி வறுக்கிற கடையில் சேர்ந்ததிலிருந்து ஐந்து மாதமாக உன் அம்மா உன்னோடு பேசவில்லை. உன் போன் வந்தால் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புவாள், அதனால்தான் இதையெல்லாம் எழுதி, அங்கே வேலைக்குத் திரும்பும் திருநாவலூர் காசிநாதன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் காப்பி ஒரு டம்ளர் உள்ளே போனால் கோபம் இறங்கிவிடும் என்பது என் யோசனை. முதலில் நானே கடையில் போட்டுப் பழகிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். உன் கொட்டைதான் மிளகாயோடு போய்விட்டதே, வெள்ளிமலைப் பக்கமிருந்து மோட்டார் கொண்டுவரும் வேடியப்பன் மிளகுக்கொடிகளுக்கு நடுவே காப்பிச் செடி வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டு இரண்டு படி வாங்கி, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று வீட்டுக்கே கொண்டுவந்து இரும்புச் சட்டியில் வறுத்தேன். முதல் சட்டி கரியாகிவிட்டது, இரண்டாவது தேறியது. உன் அம்மா பார்க்கும்படியாக மூக்குச் செம்பை எடுத்து நூல்போல ஊற்றிக்கொண்டிருந்தால், இன்னா, காப்பிக்கு அபிஷேகம் பண்ணிக்கினு கீறீங்களா, என்றாள். டம்ளரை நீட்டினேன். பாலு சக்கர இல்லாத வரக்காப்பிய சாவு வூட்லதான் குடுப்பாங்க, நல்லா கீற வூட்ல இத நீட்றீங்களே, யாரு பூட்டாங்க, என்று கேட்டாள். ஒரு மாதம் தினமும் நானே போட்டு நானே குடித்தேன், எனக்கு நானே துக்கம் விசாரித்துக்கொள்வதுபோல இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மணலூர்பேட்டையிலிருந்து உன் அத்தை குஞ்சம்மாள் வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள், ஏம்மா கமலா, நம்ம செவ்வந்தி சீமையில டீக்கடையில கிளாசு கழுவிக்கினு கீதாமே மெய்யா, என்று ஆரம்பித்தாள். அவளுக்கு யார் சொன்னது என்று கேட்காதே, ஒரு வளைகாப்பில் எனக்குக் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. ஐந்து மாதமாக அதே வார்த்தையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் உன் அம்மா, ஆனாலும் அவள் முகம் மாறிவிட்டது. எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நான் பயந்தேன். கூம்பும் செம்புமாகத் திரும்பி வந்து, உக்காருங்க அண்ணி, எம் பொண்ணு இன்னா வேலை செய்யுதுன்னு காட்றேன், என்றாள். தூள் நனைகிற அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, அது உப்பி எழும்வரை உதடு அசைய நாற்பது எண்ணி, பிறகு நடுவிலிருந்து வட்டமாக ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினாள் பார், ஒரு மாதம் பழகிய எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கீரை ஆய்ந்தவள் காதை மட்டும் அனுப்பவில்லை கண்ணு, கண்ணையும் அனுப்பியிருக்கிறாள். உன் அத்தை பயந்து பயந்து உறிஞ்சிவிட்டு, கசக்கும்னு பாத்தேன், இன்னாடி இது பழம் மாதிரி கீது, ரவயூண்டு பாலு ஊத்தேன், என்றாள். பாலு ஊத்தினா அவ சொல்லிக்குடுத்த வேலையே கெட்டுடும் அண்ணி, அப்படியே குடிங்க, என்றாள் உன் அம்மா. அத்தை பஸ் ஏறிப் போனதும் மிச்சமிருந்ததை நின்றுகொண்டே குடித்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து காப்பி அவள் பொறுப்பு, அடுப்படிக்குள் என்னை விடுவதில்லை. விளக்கம் சொல்வது மட்டும் என் வேலை. காகிதத்தில் இறங்கிய காப்பியில்தான் இந்தத் தெளிவு வரும், துணி கிணி எல்லாம் புளி வடிகட்டத்தான் லாயக்கு, நாக்கு உள்ளவனுக்கு ஒரே வாயில் தெரிந்துவிடும் என்று தினமும் காலையில் சொல்கிறேன். அவள் உம் கொட்டுகிறாள். நேற்று டம்ளரை நீட்டும்போது தானாகவே, ஞாயித்துக்கெழம அவள போன் பண்ணச் சொல்லுங்க, தண்ணி எவ்ளோ சூடு இருக்கணும்னு கேக்கணும், என்றாள்.

ஆகையால் மறந்துவிடாதே, ஞாயிறு இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு அவள் நம்பருக்கே கூப்பிடு. வேலைப் பேச்சை நீ எடுக்காதே, வெந்நீரில் ஆரம்பி. திட்டினால் வாங்கிக்கொள், ஐந்து மாதத் திட்டு சேர்ந்திருக்கும். காசிநாதனிடம் வேடியப்பன் கொட்டை ஒரு கிலோ கொடுத்திருக்கிறேன், வறுத்துப் பார்த்துச் சொல். தொட்டது துலங்கி, பசித்த நேரத்துக்குச் சோறும் படுத்ததும் தூக்கமும் கிடைத்து நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராஜாங்கம்.

பி.கு.: காகிதம் இன்னொரு கட்டு அனுப்பச் சொல்லி எழுதவா என்று இப்போதுதான் உன் அம்மாவைக் கேட்டேன். வேண்டாமாம். கடைசிக் காகிதம் உன் அத்தை வந்த அன்றைக்கே தீர்ந்துவிட்டதாம், இந்த மூன்று வாரமாகக் கூம்பில் இருப்பது என் பழைய எட்டு முழ வேட்டியின் ஒரு துண்டாம்.